அறுபத்தொண்ணு, இருக்கேனுங்க

“...பேரைப் போட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க. பேரைப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? எங்க எஸ்டேட்டுல பூவாயின்னு நாலஞ்சு பேரு இருக்கறாங்க. சின்னான்னு கூப்புட்டா கூலியாளுங்க லயன் ஊடுகள்ல பாதிப் பேரு திரும்பிப் பாப்பான். எந்தப் பூவாயி, எந்தச் சின்னன்னு ஒருத்தருக்கும் புரியாமப் போயிருக்கும். அந்தம்மா என்ன பண்ணுச்சு? பேரை அழிச்சுப்போட்டு நம்பரைப் போட்டுச்சுங்க! ஏனுங்க, நம்பரைப் போட்டா மனுசன் தப்ப முடியுமாங்க? படிச்சவங்க பண்ற வேலையா இது?”

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நாகலூர் பஸ் கிளம்பவேண்டிய நேரத்தைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் இன்னும் டீக்கடையில் இருந்தார். ஆடி மாதத்துச் சாரல். ஜன்னலோரமாக மடியில் துணிப்பையுடன் இருந்த பெண்ணின் பக்கத்தில் ஈரக் குடையோடு வந்து அமர்ந்த மனிதர், உட்கார்ந்த பிறகு பேசத் தொடங்கினார் என்று சொல்வது சரியாகாது. படியில் ஏறும்போதே அவர் பேசிக்கொண்டுதான் ஏறினார். யாரிடம் என்பது மட்டுமே உட்கார்ந்த பிறகு முடிவாயிற்று.

“நாகலூரு பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த டீச்சருங்களா?” என்றார். அந்த நேரம் பார்த்து டிரைவர் இஞ்சினை முடுக்க, பஸ் குலுங்கி, அவள் தலையும் அசைந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“அதானே பாத்தேன். மொகத்துலயே தெரியுது. நான் பொன்னுவேலுங்க. நாகலூருக்கு இக்கட்டால காப்பி எஸ்டேட்டுல ரைட்டரு. ரைட்டருன்னா கதை எழுதறவன்னு நெனச்சுப்போடாதீங்க. ஒருக்கா ஏரியைச் சுத்திப் பாக்க வந்த மெட்ராஸ்காரரு ஒருத்தரு, நான் ரைட்டருன்னதும் கும்புட்டு, ‘என்ன எழுதியிருக்கீங்க’ன்னு கேட்டாரு. செக்ரோல் எழுதறேன்னேன். ‘நாவலுங்களா’ன்னாரு! செக்ரோலுன்னா ஆளுங்க வருகைப் புஸ்தகமுங்க. தெனம் காலையில மஸ்டருல ஆளுகளை நிக்கவெச்சுக் கூப்புட்டு, வந்தவனுக்குக் கோடு, வராதவனுக்கு முட்டை. அதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பரு. வேலைக்குச் சேந்த அன்னிக்குக் குடுத்தா ரிட்டையராவற வரைக்கும் அதேதான். மஸ்டருல பேரைச் சொல்லி நான் கூப்புட்டதே கெடையாது. நம்பருதான். புருசன் பொண்டாட்டியவே நம்பரச் சொல்லித்தானுங்க கூப்புடறான். பூவாயி மகளை லயன்ல ‘அறுபத்தொண்ணு பொண்ணு’ம்பாங்களே தவிர சின்னத்தாயின்னு சொன்னா யாருன்னு யோசிப்பாங்க. அப்பேர்ப்பட்ட ஊட்டுல போயி, ஆளு அடையாளம் தெரியக்கூடாதுன்னு நம்பரு போடறதுன்னா! சித்த நகந்துக்குங்க, ஒழுகுது.”

அவள் நகர்ந்துகொண்டாள். கண்டக்டர் வந்து விசில் கொடுக்க, பஸ் ஏரிப் பக்கமாகத் திரும்பியது.

“சொல்றதை மொதல்ல இருந்து சொல்றனுங்க. தோட்ட மொதலாளிங்க சங்கம் சேந்து கூலியாளுங்களுக்கு இன்சூரன்சு போட்டாங்க. ஆஸ்பத்திரியில படுத்தா கிளெய்ம் பண்ணிக்கலாம். நல்ல காரியம்தானுங்க, நான் கொறை சொல்லலே. ஆனா அதுல ஒரு சட்டம் வெச்சாங்க பாருங்க. என்ன சீக்கு, என்ன வைத்தியமுன்னு ஆஸ்பத்திரிக்காரங்களே எழுதி, கவரை ஒட்டிக் குடுத்துருவாங்க. நான் அதைத் தபாலுல சேக்கோணும். உள்ள இருக்கறது ரைட்டருக்குத் தெரியக்கூடாதாமா! எவன் எத்தனை மணிக்கு வந்தான், எவன் குடிச்சுட்டு வந்தான், எவன் மாமியாகாரி செத்துட்டான்னு மூணாந்தடவை லீவு கேக்கறான், அத்தனையும் எனக்குத் தெரியும். சீக்கு மட்டும் தெரியக்கூடாது. சரி, போவுது. ஒட்டுன கவரை ஆவியில காட்டுனா பிரியுமுன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரியும். செஞ்சதில்லீங்க. ஒரேயொரு கவரு மழைக்காலத்துல தானாவே பிரிஞ்சுது. அதுலயும் வெறும் மஞ்சக்காமாலை.

“அப்பறம்தான் அந்தம்மா வந்து சேந்துச்சு. சேலத்து டாக்டரு. மரியபுஷ்பமுன்னு பேரு. இன்சூரன்சு ஆபீசுல கேட்டு, எங்க எஸ்டேட்டோட ஒரு வருசத்துக் கிளெய்மையெல்லாம் வாங்கி வெச்சு ஆராய்ச்சி! காப்பித் தோட்டத்துல வேலை பாக்கறவங்களுக்கு என்னென்ன சீக்கு வருது, எந்த வேலையால வருதுன்னு ஒரு புஸ்தகமே போட்டுச்சுங்க. மூஞ்சியப் பாத்ததில்லீங்க நானு. பாத்தேன்னா நறுக்குன்னு நாலு வார்த்தை கேப்பேன். இன்னிக்கு அதுக்குத்தான் சேலத்துக்கே போயிட்டு வரேன்.”

ஜன்னலோரப் பெண் வெளியே பார்த்தாள். வெளியே மூடுபனியைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஊன்றிப் பார்த்தாள். அவள்தான் மரியபுஷ்பம்.

முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சில் இடைவெளி கிடைக்கவில்லை. கிடைத்தபோது தன் பெயர் ஏற்கெனவே அந்த வாயிலிருந்து அப்படியொரு தொனியில் வந்து விழுந்திருந்தது. அதற்குப் பிறகு ‘அது நான்தான்’ என்று சொல்வதற்கு வேண்டிய துணிச்சல் மருத்துவப் படிப்பில் கற்றுத்தரப்படுவதில்லை. அவள் எஸ்டேட் மேனேஜரின் பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த வருடத்துக் கிளெய்ம்களையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். ஒரு கையெழுத்துதானே, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பெயர்களை நீக்கும் விஷயத்தில் அவள் அலட்சியமாக இருக்கவில்லை. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தாள்களைக் கலைத்துப்போட்டு, கைக்கு வந்த வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண்கள் கொடுத்தாள். எந்த எண் யாருடையது என்ற குறிப்பைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆளை மறைக்க எண்ணைவிடக் கனமான போர்வை கிடையாது என்று அவளுடைய பேராசிரியர் பாராட்டினார். அவர் காப்பித் தோட்டத்தைப் பார்த்தவரல்லர்.

“நல்லதே நடக்கலைன்னு சொல்லமாட்டனுங்க. பொய் சொல்லக்கூடாது. காப்பிச் செடிக்கு மருந்தடிக்கறவங்களுக்குக் கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போவுதுன்னு அந்தப் புஸ்தகத்துல கணக்கோட எழுதியிருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் மேனேஜரு கண்ணாடியும் மொகமூடியும் வாங்கிக் குடுத்தாரு. சின்னன் அதைப் போட்டுக்கிட்டு மொத நாளு ஊட்டுக்குப் போனான், நாயி வெரட்டிருச்சு. இப்ப நாயும் பழகிக்கிச்சு, அவன் இருமலும் நின்னுபோச்சு. அதெல்லாம் சரிதான். நான் கேக்கறதெல்லாம், அந்த நல்லதை எழுதுனீங்களே, அதோட நிப்பாட்டியிருக்கக்கூடாதா? கடைசியில எதுக்குங்க அட்டவணை? நம்பரு, நேரா சீக்கு, நேரா குணமாச்சா இல்லையா. பக்கம் பக்கமா! அட்டவணைன்னு ஒண்ணு இருந்தா மனுசன் படிப்பானா மாட்டானா?

“மேனேஜரு எங்கிட்ட குடுத்து, ‘பொன்னுவேலு, இதுல கண்ணாடி போடறதப் பத்தி எழுதியிருக்கறதை ஆளுங்களுக்குத் தமிழ்ல சொல்லீரு’ன்னாரு. எஸ்டேட்டுல இங்கிலீஷ் படிக்கறது மேனேஜரும் நானுந்தானுங்க. அவரு படிப்பாரு, அர்த்தம் நான் சொல்லுவேன். காலையில மஸ்டருல நின்னுக்கிட்டுக் கண்ணாடி சமாச்சாரத்தைச் சொன்னேன். ஒருத்தனும் காதுல போட்டுக்கலீங்க. கொட்டாவி உடறானுக. அவனவன் கண்ணு அவனவனுக்குப் பெருசில்லை, பாருங்க. சரி, கொஞ்சம் சொவாரசியமாச் சொல்லுவோமுன்னு கடைசிப் பக்கத்தைப் பிரிச்சேன்.

“அங்கதானுங்க அந்தம்மா என்னைய மாட்டிவிட்டது.”

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. பொன்னுவேல் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பேச்சையும் விடாமல் சாய்ந்தார்.

“நான் என்ன பண்ணுனேன்? இருக்கறதைப் படிச்சேன். அவ்வளவுதான். ‘பதினேழு!’ன்னேன். ‘இருக்கேனுங்க!’ன்னான் மேஸ்திரி பழனிசாமி. அவன் செக்ரோல் நம்பரு பதினேழு. ‘மூலம். ஆபரேசன் ஆச்சு’ன்னு படிச்சேன். அல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. பழனிசாமி நிமுந்து நிக்கற ஆளுங்க, மேஸ்திரின்னா அப்படித்தானே நிக்கோணும். அன்னிக்கு அவன் நின்ன நெலையும் ஆளுங்க பாத்த பார்வையும்... ஒரு சிரிப்பு. அவன் ‘எனக்கேதுங்க ரைட்டரய்யா மூலம்’னு கத்தறான். நீதானேப்பா இருக்கேன்னு சொன்னே?

“ஏனுங்க, பழக்கதோசந்தான். தெனம் அதே எடம், அதே நேரம், அதே கொரலு. நான் நம்பரச் சொன்னா அவனுக வாய் தானா தொறக்கும். நானும் அந்த ராகத்துலயேதான் படிச்சேன் போலிருக்குது. வேற ராகம் எனக்கு வராதுங்க. ‘முப்பத்திரண்டு!’ன்னேன். ‘இருக்கேனுங்க!’ன்னான் மருந்தடிக்கற சின்னன். ‘கர்ப்பப்பைக் கட்டி. எடுத்தாச்சு. குணம்.’”

மரியபுஷ்பம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். குளிருக்காக என்று பொன்னுவேல் எடுத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இழுத்துவிட்டார்.

“அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சுங்க. ஆம்பளைக்கு எப்படிக் கர்ப்பப்பை? யோசிச்சுப் பாத்தேன். பிரிண்டிங் மிஸ்டேக்குன்னு தோணுச்சு. அச்சாபீசுக்காரங்க பண்ற அக்கிரமம் கொஞ்சநஞ்சமா? ‘சின்னா, வெசனப்படாதே, இது எழுத்துப் பிழை’ன்னு சொல்லிப்போட்டு மேல படிச்சேன். அவன் பொண்டாட்டி அங்கயே கையில இருந்த களைக்கொத்தைப் போட்டுட்டு உக்காந்துக்கிட்டா. இன்னும் அவனை லயன்ல ‘வாங்க, ஒடம்பு தேவலையா, பச்ச ஒடம்புல்ல’ன்னுதான் கேக்கறாங்க.

“அப்படியே போயிக்கிட்டிருந்துச்சு. அல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். அவனவன் அடுத்தவன் சீக்கைக் கேக்கக் காத்துக்கிட்டு நிக்கறான். கண்ணாடி சமாச்சாரத்துக்குக் கொட்டாவி உட்டவனெல்லாம் முன்னால வந்து நின்னுக்கிட்டான். ‘அறுபத்தொண்ணு!’ன்னேன். ‘இருக்கேனுங்க!’ன்னுச்சு பூவாயி. கணீர்னு. அந்தம்மா ஒருநாள்கூட லேட்டா வந்ததில்லீங்க. படிச்சேன். லெப்ரசின்னு இருந்துச்சு. பேசாம அப்படியே உட்டிருக்கலாம். ஒருத்தருக்கும் புரிஞ்சிருக்காது. நாம தமிழ் தெரிஞ்சவனாச்சே. அர்த்தம் சொல்லிப்போட்டேன்.

“பெருவியாதின்னு.”

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; ரேடியோ நின்றுவிட்டால் பார்ப்பதுபோல.

“ஒரு சிரிப்புமில்லீங்க அப்பறம். பக்கத்துல நின்ன பொம்பளைங்க ரெண்டடி தள்ளி நின்னாங்க. ரெண்டே அடி. அவ்வளவுதான் நடந்துச்சு அன்னிக்கு. ஆரம்ப நெலைதான், மருந்து தின்னு குணமாயிருச்சுன்னு அதே வரியிலதான் போட்டிருந்துச்சு. நான் அதையும் சத்தமாத்தான் படிச்சேன். யாரு கேட்டா?

“அதுலருந்து பூவாயி கொடத்தைக் கொழாய்க்குக் கொண்டாந்தா மத்தவங்க கொடத்தை எடுத்துக்கறாங்க. கடைக்காரன் சில்லறையைக் கையில வாங்காம மேசையில வெக்கச் சொல்றான். இதுல என்ன வெசனமுன்னா, ஆவணியில சின்னத்தாயிக்குக் கல்யாணங்க. கிளியூரு மாப்பிள்ளை. செல்லப்பன்னு நல்ல பையன், ஆரஞ்சுத் தோட்டம் இருக்குது. பரிசமெல்லாம் போட்டாச்சு. மாப்பிள்ளையோட அம்மா குப்பாயின்னு ஒருத்தி இருக்கறா. வாயின்னா வாயி! நானெல்லாம் அதிகம் பேசமாட்டனுங்க, அவ பேசுனா நடுவுல மூச்சு உடமாட்டா. ‘இப்போதைக்கு நிக்கட்டும்’னு சொல்லி அனுப்பிச்சுட்டா.

“எனக்கு மனசு கேக்கலீங்க. பூவாயிகிட்டப் போயி, ‘பூவாயி, உனக்கு வேற நம்பரு தரேன். போன வருசம் செத்துப்போன ஒருத்தர் நம்பரு சும்மாத்தான் கெடக்குது, நல்ல நம்பரு, எடுத்துக்கோ’ன்னேன். இந்த மாதிரி எந்த எஸ்டேட்டு ரைட்டரும் எறங்கி வரமாட்டான். அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? ‘வியாதிய வேணும்னா மாத்திக்குடுங்க ரைட்டரய்யா. நம்பர நான் எதுக்கு மாத்தோணும்? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?’ எனக்குச் சுருக்குன்னு போச்சு. அந்தக் கோவத்துல ஊட்டுக்குப் போயி அந்தப் புஸ்தகத்தை எடுத்து மொதப் பக்கத்துலருந்து படிச்சேன். அப்பத்தான் மொத மொதலா.

“மொதப் பக்கத்துல எழுதியிருக்குதுங்க. ‘இதில் உள்ள எண்கள் ஆராய்ச்சிக்காக நான் கொடுத்தவை. நோயாளிகளின் வேறு எந்த எண்ணோடும் இவற்றுக்குச் சம்பந்தமில்லை.’ இங்கிலீசுலதான். ஏனுங்க டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. முக்கியமான சங்கதியக் கொண்டுபோயி யாராச்சும் முன்னுரையில வெப்பாங்களா? முன்னுரைய எவனுங்க படிக்கறான்?”

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தார். முன்னுரையை அவள் நான்கு முறை திருத்தி எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போடலாமா என்றுகூட யோசித்தாள். மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டாள்.

“மறுநாளே மஸ்டருல ஒடைச்சுச் சொன்னேன். நம்பரு வேற, நம்ம நம்பரு வேற, இது டாக்டரம்மா தப்புன்னு. ஆமாங்க, அப்படித்தான் சொன்னேன், பின்ன என்னன்னு சொல்றது? பழனிசாமி மறுபடி நிமுந்து நின்னான். சின்னன் கர்ப்பப்பை போன சந்தோசத்துல எனக்கு ஒரு சீப்புப் பழம் கொண்டாந்து குடுத்தான். பூவாயி மொகத்துல சிரிப்பு. அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பின்னால இருந்து எவனோ ஒருத்தன் கேட்டான் பாருங்க: ‘அப்ப அந்தப் பெருவியாதி யாருக்கு?’

“யாருக்கோ இருக்கோணுமில்ல? புஸ்தகம் பொய் சொல்லாதில்ல? நானும் அதைத்தான் நெனச்சேன். ஆனா நான் மனசுக்குள்ள நெனச்சேன். அவனுக கொழாயடியில நெனச்சானுக. மறுநாளுல இருந்து ஒருத்தன் கையை ஒருத்தன் திருப்பித் திருப்பிப் பாக்கறான். எவனுக்கு எங்க தேமலு, எவ காதுமடலு தடிச்சிருக்குதுன்னு. போன வருசம் யாரு யாரு ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்கன்னு எங்கிட்டயே வந்து கேக்கறாங்க. அந்த வருசத்து வருகைப் புஸ்தகத்துல பாத்தாத் தெரிஞ்சுபோவும், காட்டுங்கன்னு. நான் காட்டலீங்க... காட்டியிருப்பேனோ என்னமோ, பழைய புஸ்தகம் இருக்கற அலமாரிச் சாவி மேனேஜருகிட்ட இருந்துச்சு. எளவட்டப் பசங்க என்ன பண்ணுனானுக தெரியுங்களா? ஆரஞ்சு முள்ளை ஒடிச்சு வெச்சுக்கிட்டு, வேலையில குனிஞ்சிருக்கறவங்க காலுல பின்னால இருந்து குத்திப் பாக்கறானுக. உணர்ச்சி இருக்குதான்னு. ‘ஐயோ’ன்னா உட்டுடறான். ஒருத்தர் விடாம. எனக்கும் ஒரு குத்து விழுந்துச்சு, இங்க பாருங்க.”

அவர் வேட்டியைக் கணுக்கால் வரை தூக்கினார். மரியபுஷ்பம் அதைப் பார்க்கவில்லை. அந்த நோய் வந்த ஒருவரை அவளுக்குத் தெரியும். அட்டவணையில் அந்த நோய் ஒரே ஒரு வரிதான், மறக்க முடியாது. அது ஆணா பெண்ணா, வயதென்ன என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இங்கும் சொல்லப்போவதில்லை. முள் எந்த நாள் அந்தக் காலைத் தொடும், அந்தக் கால் ‘ஐயோ’ சொல்லுமா என்பதுதான் அவள் மனத்தில் ஓடியது.

“இதுக்கு நடுவுலதாங்க அந்தக் கூத்து. போன வாரம் மஸ்டரு. நான் பாட்டுக்கு செக்ரோலைக் கூப்புட்டுக்கிட்டு வரேன். ‘அறுபத்தொண்ணு’ன்னேன். ‘இருக்கேனுங்க’ன்னுட்டு பூவாயி முன்னால வந்து நின்னுச்சு. ‘முள்ளெல்லாம் தூக்கிப் போடுங்கடா. டாக்டரு நம்பரும் சரி, ரைட்டரு நம்பரும் சரி, ரெண்டு அறுபத்தொண்ணும் நான்தான். எனக்குத்தான் வந்துச்சு. மருந்து தின்னேன். போயிருச்சு. இப்ப அதுக்கு என்னங்கறீங்க?’ன்னு கேட்டுச்சு.

“எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல. ஏனுங்க, நான் அவ்வளவு பாடுபட்டு அந்தம்மா மேல இருந்து சீக்கை எறக்கி வெச்சா, அதை எடுத்து மறுபடியும் தலையில வெச்சுக்கிச்சே! போன வருசம் பூவாயி ஆஸ்பத்திரியில படுக்கவே இல்லீங்க. லீவு மட்டுந்தான் போட்டுச்சு, அதுவும் யாருக்கோ தொணைக்குப் போறேன்னு. ஒடம்புல ஒரு தேமல் கெடையாது. காலுல முள்ளு குத்துனப்ப அந்தப் பையனை அறைஞ்ச அறை எனக்கே கேட்டுச்சு. அப்படிப்பட்ட பொம்பளை எதுக்குங்க இப்படிச் சொல்லோணும்? கிறுக்குத்தானே?”

மரியபுஷ்பத்துக்குப் பதில் தெரிந்திருந்தது. போன வருடம் வார்டில், அந்த நோயாளியின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்தே அந்த வாய்க்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவள் பார்த்திருக்கிறாள். உறவா என்று கேட்டதற்கு, பக்கத்து வீடு என்று பதில் வந்தது. பெயரைக் கேட்கவில்லை.

“இப்ப முள்ளுக் குத்து நின்னுபோச்சு, வாஸ்தவம். யாரும் யாரையும் தேடறதில்லை. ஆனா கல்யாணம்? நான் கிளியூருக்கே போயி குப்பாயிகிட்டப் பேசிப் பாத்தேன். ‘அதெல்லாம் குணமாயிருச்சாமா’ன்னேன். அவ சொல்றா, ‘குணமாயிருச்சுன்னு சொல்றதுக்கு நீ யாரு? புஸ்தகம் எழுதுன டாக்டரம்மா வந்து பூவாயி ஊட்டுல கை நனைக்கட்டும். அப்பறம் நாங்க நனைக்கறோம்’னு. பேச்சைப் பாருங்க! சம்பந்தி ஊட்டுல ஒரு வாய் சாப்புட்டாத்தான் சம்பந்தம்னு அர்த்தம், அதை டாக்டரம்மா வந்து ஆரம்பிச்சு வெக்கோணுமாமா! நடக்கற காரியமா? சேலத்து டாக்டரு லயன் ஊட்டுல சாமைச் சோத்துக்கு வந்து உக்காருமா? வந்தா பங்களாவுக்கு வரும், பிஸ்கோத்து திங்கும், போவும்.

“அதனால நான் ஒரு யோசனை பண்ணியிருக்கறனுங்க. இன்னிக்குச் சேலத்துக்குப் போனது அதுக்குத்தான். அந்தம்மா லீவுன்னு பியூன் சொல்லிப்போட்டான். அவன் நின்ன நிலையே சரியில்லை. நாளைக்கும் போவேன். பூவாயிக்கு அந்தச் சீக்கு இல்லைன்னு ஒரு சர்டிபிகேட்டு வாங்கிப்போடறது. வாங்குனா என்ன ஆவும்? மறுபடி, அப்ப யாருக்குன்னு கேப்பானுக. கேக்கட்டும்! லயன்ல இருக்கற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு சர்டிபிகேட்டு. வரிசையா. ஒவ்வொருத்தனும் இல்லை, இல்லைன்னு வாங்கிக்கிட்டே வந்தா கடைசியில சர்டிபிகேட்டு இல்லாம எவன் நிக்கறானோ அவன்தான்! யாரு பேரையும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரம்மா ரகசியமும் காப்பாத்துன மாதிரி ஆச்சு, நமக்கும் தெரிஞ்ச மாதிரி ஆச்சு. எப்படி?”

பஸ் வேகம் குறைந்தது. வெள்ளியோக் மரங்களுக்குக் கீழே ஓட்டு வீடுகள் ஒரே வரிசையாகத் தெரிந்தன. வேலை முடிந்து வந்தவர்கள் வாசல்களில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மரியபுஷ்பம் எழுந்தாள்.

“அட, எந்திரிச்சுட்டீங்க. இது எங்க எஸ்டேட்டு லயனுங்க. ஸ்டாப்பிங் லயன் ஆளுங்களுக்கு. பள்ளிக்கூடம் அடுத்தது. பங்களாவுக்குன்னா அதுக்கும் அடுத்தது. டீச்சரம்மா! குடையில்லாம எறங்கறீங்களே! நான் ஒரு எட்டுப் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து தாட்டிவிடலாமுன்னுதான் எறங்காம உக்காந்திருக்கறேன்...”

அவள் இறங்கிவிட்டாள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் வளைவில் மறையும் வரை பொன்னுவேலின் குரல் கேட்டது. ‘பாருங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாங்களா’ என்று அது அடுத்த இருக்கைக்கு மாறியிருந்தது.

எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. குழாயடியில் குடங்கள் நெருக்கமாக நின்றன, ஒரு குடம் மட்டும் தள்ளி நின்றது. அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த பெண்ணின் பின்னால் மரியபுஷ்பம் நடந்தாள். வாசலில் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பிய பூவாயி அவளைப் பார்த்தாள், வார்டில் சோறு ஊட்டியபோது வந்த டாக்டர் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டாள். சட்டென்று கிட்டே வந்தாள்.

“எதுவும் சொல்லீறாதீங்க டாக்டரம்மா,” என்றாள், உதடு அசையாமல். “யாரு என்ன கேட்டாலும் சொல்லீறாதீங்க. எம் பொண்ணு கல்யாணம் நின்னாலும் நின்னுட்டுப் போவுது. அந்தப் பக்கத்து ஊட்டு ஜீவன் பாவங்க, வெளிய தெரிஞ்சாத் தாங்காது.”

“ஒண்ணும் சொல்ல வரலைங்க,” என்றாள் மரியபுஷ்பம். “பசிக்குது.”

பூவாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். லயன் வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை தெரிந்தது. கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரை ஊற்ற மறந்து நின்றார்கள்.

“உள்ள வாங்க.”

“இங்கயே உட்கார்றேனே. வெளிச்சமா இருக்குது.”

மரியபுஷ்பம் வாசற்படியில் அமர்ந்து, அந்தத் தள்ளி நின்ற குடத்திலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். பூவாயி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். அடுத்து அவள் போட்ட சத்தம் லயனின் அந்தக் கோடி வரை போயிற்று.

“சின்னத்தாயி! தட்டைக் கழுவிக்கிட்டு வா, டாக்டரம்மா சாப்புட வந்திருக்கறாங்க! ஏனுங்க, கிளியூருப் பக்கம் போறவங்க யாராச்சும் இருந்தா சித்த நில்லுங்க. அவங்க சாப்புட்டு முடிக்கட்டும், பாத்துட்டுப் போலாம்!”